முகம் இல்லாத ஆல்பம்

ஹாஜியானி ஷஃபீக்கா அழைப்பு மணியைத் தேடுகிற ரகம் இல்லை. உள்ளங்கையால் கதவை அறைந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ரதீபா காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் நாலு அறை விழுந்துவிட்டது. கதவு திறந்ததும், மூன்று மாடி ஏறிய இரைப்போடு உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உக்காருங்க ஹாஜியானி. தண்ணி தரட்டுமா?”

“உன் வீட்டுத் தண்ணி வேணாம். உன் ஆல்பம் என் மானத்தைக் குடிச்சதே போதும்.”

ரதீபாவுக்கு விஷயம் தெரியும். போன வியாழக்கிழமை ஹம்மாமில், பெண்கள் கூடிக் குளிக்கிற வெந்நீர்க் குளியலகத்தில், நடந்த கூத்து, அன்று மாலைக்குள் கான்ஸ்டன்டைன் நகரத்தின் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஷஃபீக்கா தேடிக்கொண்டு வருவாள் என்பதும் தெரிந்ததுதான். வந்து நாலு திட்டு திட்டிவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தாள். இவ்வளவு யோசித்து வைத்துக்கொண்டு வருவாள் என்று நினைக்கவில்லை.

ரதீபா கல்யாணப் புகைப்படக்காரி. பெண்கள் பக்கத்தை மட்டும் எடுப்பவள். இந்த ஊர்க் கல்யாண விருந்தில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. பெண்கள் மண்டபத்துக்குள் முக்காடு கிடையாது. கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடுவார்கள், மணப்பெண் ஏழு உடுப்பு மாற்றி மாற்றி வந்து உட்காருவாள். வாசலில் ஒருத்தி நின்று, வருகிற பெண்களின் போன் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே அனுப்புவாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தியைக் கேமராவோடு நடமாட விடவேண்டுமென்றால் அவள் கையையும் நம்பவேண்டும், வாயையும் நம்பவேண்டும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் புண்ணியத்தில் ஒரு மணப்பெண்ணின் படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் தம்பிமார் பார்த்தார்கள். அந்தக் குடும்பம் சந்தி சிரித்தது. ஊரே பயந்துபோயிருந்த அந்த வருஷம்தான் ரதீபா தொழில் தொடங்கினாள். இணையத்தில் பக்கம் கிடையாது. வீட்டு வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அதைத்தான் அவள் விற்றாள். விருந்து முடிந்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி, அத்தனை பேர் பார்க்க மணப்பெண்ணின் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். அச்சுப் போடவேண்டுமென்றால் மணப்பெண்ணே அதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். “அறையில பாத்தது அறையோட” என்பது அவள் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்குக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஒன்றையும் வெளியே காட்டாமல் அடுத்த கல்யாணத்தைப் பிடிப்பது எப்படி? போட்டிக்காரி பஹீஜாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் இணையப் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். மணப்பெண்களின் கன்னத்தைக் கம்ப்யூட்டரில் மாவு மாதிரி வெளுப்பாக்கி, பேரோடு போட்டுவிடுவாள். அதற்கும் இப்போது ஆள் இருக்கிறது. ரதீபாவுக்கு இருந்தது கத்தூஜாவின் ஹம்மாம்.

வியாழக்கிழமை காலை அங்கே இடம் கிடைக்காது. வெந்நீர் அறையில் ஊறி, முதுகு தேய்த்துக்கொண்டு வந்து, வெளி அறைத் திண்டுகளில் துண்டோடு சாய்ந்து ஆரஞ்சு உரிக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊரின் பாதிக் கல்யாணம் பேசி முடிகிறது. கத்தூஜாவின் மேசையில் ரதீபாவின் ஆல்பம் ஒன்று கிடக்கும். அதில் ஒரு முகம்கூட இருக்காது. மருதாணிக் கைகள், தங்கச் சரிகை ஓடிய வெல்வெட் உடுப்பின் முதுகு, கழுத்து, இடுப்பு. “யாருடி இது?” என்று யாராவது கேட்டால் கத்தூஜா உதட்டைப் பிதுக்குவாள். அந்தப் பிதுக்கலுக்கு மயங்கித்தான் வாடிக்கை வந்தது. மணப்பெண்ணைக் கேட்காமல் ஒரு படமும் அதில் ஏறியதில்லை.

முகத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று நினைத்தாளே, அங்கேதான் கோட்டை விட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் இப்படி நினைத்ததை என்ன சொல்ல? இங்குள்ள பெண்கள் பக்கத்து வீட்டுக்காரி முகத்தை மறந்தாலும் அவள் போட்டிருந்த நகையை மறக்கமாட்டார்கள்.

போன வியாழக்கிழமை ஹூரியா அந்த ஆல்பத்தைப் பிரித்தாள். ஹூரியாவின் மகள் லாமியாவைத்தான் ஷஃபீக்கா தன் கடைசி மகனுக்குக் கட்டிவைத்திருந்தாள். ஆகஸ்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கக்காசு ஒட்டியாணம் போட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி ஹூரியாவின் வாய் ஓயவில்லை. “இதோ பாருடி, எம் பொண்ணு இடுப்பு” என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினாள். இடது பக்கத்தில் லாமியாவின் இடுப்பு. வலது பக்கத்தில், செப்டம்பரில் கல்யாணமான வேறொரு பெண்ணின் இடுப்பு. இரண்டிலும் பழைய பிரெஞ்சுக் காசு கோத்த ஒட்டியாணம். எல்லாக் காசிலும் பெண் தலை வெளியே தெரிய, கொக்கியிலிருந்து மூன்றாவது காசை மட்டும் எந்தத் தட்டானோ திருப்பிவைத்துப் பற்றவைத்திருந்தான். அதில் சேவல் தெரிந்தது. இடது பக்கமும் சேவல், வலது பக்கமும் சேவல்.

ஹூரியா போட்ட சத்தத்தில், உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்களாம். “வாடகை ஒட்டியாணத்தைக் கட்டி எம் பொண்ணை ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாளே” என்று அவள் கத்தியதைக் கத்தூஜா அப்படியே நடித்துக் காட்டியிருந்தாள்.

“நான் அந்த ஒட்டியாணத்தை இரவல் குடுத்தேன்” என்றாள் ஷஃபீக்கா. “ஹூரியாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

“இப்ப எங்க இருக்கு?”

“சேதிஃப்ல, என் தம்பி வீட்டுப் பெட்டகத்துல.”

“இருக்கா?”

ஷஃபீக்கா சுவரைப் பார்த்தாள். சுவரில் படம் எதுவும் இல்லை. புகைப்படக்காரி வீட்டுச் சுவர் வெறுமையாக இருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கவேண்டும்.

“வியாழக்கிழமை நீ வர்ற” என்றாள். “எல்லாரும் இருக்கும்போது சொல்ற. செப்டம்பர் கல்யாணத்துக்குப் படம் நல்லா வரணும்னு நீதான் என் கால்ல விழுந்து ஒட்டியாணத்தை இரவல் வாங்கிட்டுப் போன. நீதான் திருப்பிக் கொண்டுவந்து குடுத்த.”

“அந்த வீட்டுக்காரங்க வாடகைக்கு எடுத்தோம்னு வெளிப்படையாவே சொன்னாங்களே, ஹாஜியானி.”

“அவங்க குடும்பத்தோட ஓரான் போயாச்சு. அங்கேர்ந்து குளிக்கவா வரப்போறாங்க?” ஷஃபீக்கா எழுந்தாள். “நீ சொன்னா, இந்தக் கோடைக்கு எங்க வீட்டுல மூணு கல்யாணம் இருக்கு, மூணும் உனக்கு. சொல்லலேன்னா, எங்களைக் கேக்காம எம் மருமக இடுப்பை நீ ஊர் பாக்க விரிச்சு வெச்சதா நான் சொல்லுவேன். அப்புறம் எவ உன்னை மண்டபத்துக்குள்ள விடுறான்னு பாத்துடுவோம்.”

போகும்போது கதவைச் சாத்தவில்லை. படி இறங்குகிற சத்தம் முழுவதும் ரதீபாவுக்குக் கேட்டது.

கோடைக் கல்யாணங்களுக்கு ஏப்ரலில்தான் தேதி குறிப்பார்கள். இந்த ஏப்ரல் போனால் இந்த வருஷமே போயிற்று. ரதீபாவுக்கு உண்மை தெரியாமலும் இல்லை. லாமியா வெள்ளை உடுப்புக்கு மாறிய நேரத்தில், பின்பக்க நடையில் ஒரு பெண் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அலங்காரக்காரி ஒட்டியாணத்தைக் கொண்டுவந்து அதில் சுருட்டி வைத்தாள். ஷஃபீக்கா “சீக்கிரம், சீக்கிரம்” என்றாள். ரதீபா லென்ஸ் மாற்றிக்கொண்டே பார்த்தாள். படம் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு மாதம் கழித்து அதே சேவல் இன்னொரு இடுப்பில் வந்தபோது, வெளிச்சத்தைப் பார்த்தாளே தவிர காசைப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அறையில் பார்த்ததை வெளியே சொன்னவள் ஆகிவிடுவாள். ஷஃபீக்காவின் பொய்யைச் சொன்னால், நகை இரவல் கேட்டுத் திரிகிறவள் ஆவாள். ஹூரியா வீட்டாரை ஏமாற்றிய பாவத்தையும் சுமக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கேட்காமல் படம் வைத்தவள் என்ற பட்டம் வந்துசேரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழில் போகும்.

ஒரே ஒரு பிடி இருந்தது. லாமியா. அந்தப் படத்துக்கு அனுமதி கொடுத்தவள் அவள்தான். அக்டோபரில், அச்சுப் போடுவதற்காகக் கார்டை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். அப்போது புதிய ஆல்பம் மேசைமேல் விரிந்து கிடந்தது. ஒரு பக்கத்தில் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “என்னுதும் போடுங்க அக்கா. இதுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல. ரெண்டு வெளிச்சமும் ஒத்துப்போகும்” என்றாள். இருபத்திரண்டு வயசில் இப்படி ஒரு கண்ணா என்று ரதீபா மெச்சிக்கொண்டாள். அச்சுக்கு வாங்கும் காசில் கொஞ்சம் குறைத்துக்கூடக் கொடுத்தாள்.

புதன்கிழமை லாமியாவின் போனுக்கு அடித்தாள். எடுத்தது ஷஃபீக்கா. “லாமியா மாவு பிசையுறா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மதியம் ஹூரியாவே கூப்பிட்டாள்.

“நீ அன்னைக்கு ராத்திரி முழுக்க அங்கதானே இருந்த. ஒட்டியாணத்தை யாரு கழட்டினா, யாரு கொண்டுபோனா? சொல்லு.”

“அறையில பாத்தது அறையோட அக்கா. உங்களுக்கும் இதைச் சொல்லித்தானே அன்னைக்கு உள்ள வந்தேன்.”

“அப்ப பாத்திருக்க.”

“பாத்தேன்னு நான் சொல்லல.”

“பாக்கலேன்னும் சொல்லல.” ஹூரியாவின் குரல் இறங்கியது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “எம் பொண்ணு அந்த வீட்டுல கிடந்து அவதிப்படுறா, நீ அவ இடுப்பை மேசையில வெச்சு ஆள் புடிக்கிற. உனக்குப் பஹீஜாவே தேவலை. அவ செய்யுறதை வெளிச்சத்துல செய்யுறா.”

அந்தப் பேரைச் சொன்னதுதான் ரதீபாவுக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஜூலைக் கல்யாணத்துக்காரர்கள் கூப்பிட்டு, தேதி இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அந்தத் தேதியை அவர்கள்தான் இந்த மாதமே இரண்டு தடவை உறுதி செய்திருந்தார்கள். ஆகஸ்டுக்காரர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஹம்மாமில் வழக்கத்தைவிடக் கூட்டம். குளிக்க வந்ததாகத்தான் எல்லோரும் காட்டிக்கொண்டார்கள், ஆனால் வெந்நீர் அறையில் ஆளே இல்லை. அத்தனை பேரும் வெளி அறையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆரஞ்சுப் பையோடு இடம் பிடித்திருந்தார்கள். ஷஃபீக்கா மேல் திண்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் லாமியா, தலையில் ஈரத் துண்டோடு, ஆரஞ்சு உரித்து மாமியாருக்குச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்த் திண்டில் ஹூரியா இருந்தாள். நடுவில் மேசைமேல் ஆல்பம் கிடந்தது. கத்தூஜா அதைத் துடைத்து வேறு வைத்திருந்தாள்.

ரதீபா மட்டும்தான் முழு உடுப்போடு நின்றாள். கழுத்துவரை வியர்த்தது.

“வந்துட்டா” என்றாள் ஷஃபீக்கா. “சொல்லு ரதீபா. இவங்களுக்குக் காது குளிரட்டும்.”

“சொல்லுடி” என்றாள் ஹூரியா.

ரதீபா வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். அது இப்போது நினைவுக்கு வரவில்லை.

“நான் யார்கிட்டயும் ஒட்டியாணம் இரவல் கேட்டதில்ல. யாருக்கும் கொண்டுபோய்க் குடுத்ததும் இல்ல. அவ்வளவுதான். அதுக்கு மேல எங்கிட்ட ஒரு வார்த்தையும் வராது.”

ஹூரியா திண்டில் கையை அறைந்தாள். “கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?”

“கேக்கட்டும்” என்றாள் ஷஃபீக்கா. அவள் முகம் வெளுத்தாலும் குரல் தடுமாறவில்லை. “இதையும் கேக்கட்டும். இந்தப் புண்ணியவதி பதினோரு வருஷமா, ஒரு படமும் வெளிய போகாதுன்னு சத்தியம் பண்ணிப் பண்ணி உங்க வீட்டுக்குள்ள எல்லாம் வந்தா. என்னைக் கேட்டாளா? எம் மகனைக் கேட்டாளா? எம் மருமக இடுப்பை இங்க வெச்சு ஊர்ப் பொம்பளைங்களுக்கு வேடிக்கை காட்டியிருக்கா. நாளைக்கு உங்க பொண்ணுங்களையும் வெப்பா. இப்ப இடுப்பு, அடுத்து என்னவோ.”

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அதுவரை ஹூரியாவின் பக்கம் சாய்ந்திருந்த தலைகள் ரதீபாவின் பக்கம் திரும்பின. நீலத் துண்டுக்காரி ஒருத்தி, “இந்த ஆல்பத்துல எம் பொண்ணு கையும் இருக்கு, எடுத்துடு” என்றாள். இன்னொருத்தி, “எனக்கு அப்பவே பிடிக்கல” என்றாள். இரண்டு பேரும் ரதீபா கொடுத்த படங்களை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள்.

“லாமியாவைக் கேட்டுத்தான் வெச்சேன்” என்றாள் ரதீபா.

ஷஃபீக்கா மெல்லச் சிரித்தாள். தன் கூரைக்குக் கீழே மாவு பிசைகிற மருமகள் என்ன சொல்வாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும் போலிருந்தது.

“லாமியா, இவ உன்னைக் கேட்டாளாம்மா?”

லாமியா கையிலிருந்த சுளையின் வெள்ளை நாரை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை முழுக்க எடுத்தாள். சுளையை மாமியாருக்குக் கொடுக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ரதீபாவுக்கு அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போலிருந்தது.

“கேட்டாங்க. நான்தான் போடச் சொன்னேன்” என்றாள் லாமியா. “எந்தப் பக்கத்துல ஒட்டணும்னும் நான்தான் சொன்னேன். அந்தச் சேவலுக்கு எதிர்ல இந்தச் சேவல்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” ஷஃபீக்காவின் குரல் இப்போது தடுமாறியது.

“என் இடுப்புலேர்ந்துதானே மாமி அவுத்தாங்க.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஷஃபீக்கா எழப் பார்த்தாள், துண்டு காலில் சிக்கிக்கொண்டது. லாமியா அவள் முகத்தைப் பார்க்காமல், தன் மடியிலிருந்த தோலைப் பார்த்தே பேசினாள்.

“வாடகைக்கு எடுத்தது எனக்குப் பெருசில்ல. இல்லாட்டி இல்ல. ஆனா எட்டு மாசமா ரொட்டி கருகினா ஒட்டியாணம், துணி காயலேன்னா ஒட்டியாணம். ‘உன் இடுப்புக்குத் தங்கம் சுத்தினோம், உனக்கு ஒரு காப்பி போடத் தெரியல’ன்னு விருந்தாளிங்க முன்னாடியெல்லாம் சொன்னீங்க. நானும் தினமும் ‘ஆமா மாமி, ஆமா மாமி’ன்னேன்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல, பாவி?” என்று ஹூரியா எதிர்த் திண்டிலிருந்து கேட்டாள். அவளுக்கு இப்போது யார்மீது கோபப்படுவதென்றே தெரியவில்லை.

“உங்கிட்ட சொன்னா அன்னைக்கே மேளம் கொட்டியிருப்ப. என்னைப் பெட்டியோட வீட்டுக்குக் கூப்பிட்டிருப்ப. எனக்கு அவர்கூட வாழணும். நான் சொன்னா எம்மேல பழி வரும். ஆல்பம் சொன்னா யார்மேல வரும்?”

ரதீபா அங்கே நிற்கிறாள் என்பது அந்த நிமிஷத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. சம்பந்திகளின் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கேட்காமல் வைத்தவள் என்ற பழி போய்விட்டது. அதற்காக யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கத்தூஜா ஆல்பத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் திணித்தாள்.

“இனிமே இங்க வேணாம் ரதீபா. பொம்பளைங்க குளிக்க வர்ற இடம் இது.”

“நீதானேடி துடைச்சு வெச்ச?”

“இன்னைக்கு வெச்சேன். நாளைக்கு எவளாவது வளையலைத் தேடிக் கண்டுபிடிப்பா. எனக்குத் தாங்காது.”

உடுப்பு மாற்றும் மறைவில் லாமியா பின்னலைப் பிழிந்துகொண்டிருந்தாள். ரதீபா நேராக அங்கே போனாள். ஆத்திரத்தில் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“வெளிச்சம் ஒத்துப்போகும்னு சொன்னியே. நான் உன்னை மெச்சிக்கிட்டேன். பதினோரு வருஷம் நான் கட்டிக் காப்பாத்தினதை உன் மாமியாருக்குப் பாடம் சொல்ல எடுத்துக்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னா ஒட்டியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான்.” லாமியா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பேச்சில் பணிவு இல்லை. “என் இடுப்பை வெச்சு நாலு பேருக்குத் தெரியணும்னு நீங்களும்தானே நெனைச்சீங்க அக்கா? எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது. நாம ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான் விளம்பரம் வெச்சோம்.”

இவளிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள ரதீபாவுக்கு மனசு வரவில்லை. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தொங்குபாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே பள்ளத்தாக்கில், ஆறு இருக்கிற இடத்தில், காக்கைகள் சுற்றின. ஆல்பத்தை அப்படியே கைப்பிடிக் கம்பிக்கு மேலாக வீசிவிடலாமா என்று நின்றாள். வீசினால் எவளாவது பொறுக்கி எடுத்து யார் கை, யார் கழுத்து என்று கண்டுபிடிப்பாள் என்ற பயம் வந்தது. இந்த ஊரை அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

“கொஞ்சம் நில்லுங்க.”

பின்னால் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஹம்மாமில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள். முக்காட்டுக்குக் கீழே முடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஜூன்ல எம் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க வரணும்.”

ரதீபாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. “பொண்ணு எப்படி இருப்பா? நிறம், உயரம்? முகத்துக்கு எந்தப் பக்கத்து வெளிச்சம் நல்லா வரும்னு ஒரு தடவை பாத்துட்டா…”

“முகமெல்லாம் வேணாம்” என்றாள் அந்தப் பெண். “மாப்பிள்ளை வீட்டுல ஒட்டியாணமும் ரெண்டு சங்கிலியும் போடுறாங்க. கொக்கி தெளிவா விழணும். ஒவ்வொரு காசும் விழணும். பின்பக்கமும் எடுத்துடுங்க.”

“முகம் வேணாமா?”

“எதுக்கு? அது எங்க வீட்டுலயேதானே இருந்துச்சு இருபது வருஷமா.”

ரதீபா அவளைப் பார்த்தாள். பதினொரு வருஷமாக, யாரும் வெளியே பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே, ஒவ்வொரு முகத்துக்கும் வெளிச்சம் தேடித் தேடி எடுத்திருந்தாள். போடி என்று சொல்லிவிட்டு நடந்திருக்கவேண்டும். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“பேரு?”

அந்தப் பெண் பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “பேரு இப்ப வேணாம். நான் நகையை எடுக்கச் சொன்னது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே கூடாது. ரகசியமா இருப்பீங்கள்ல?”

“அதைத்தான் வித்துட்டிருந்தேன்” என்றாள் ரதீபா.

தேதியை எழுதிக்கொண்டாள். அவள் நோட்டை மூடுவதற்குள், ஹம்மாம் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேர் தலை ஈரம் காயாமல் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதது போல நடந்தார்கள். அதில் ஒருத்தி, தன் மகள் கையை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடச் சொன்ன நீலத் துண்டுக்காரி.